தங்கப்பன் பிடித்த மீனின் நீளம்

1

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஜலாலுதீன் டீக்கடையில் குறைந்தது நானூறு தடவையாவது சொல்லியிருப்பேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. சொல்வதற்கும் எழுதுவதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நான்கு நாள் ஆகிறது. சொல்லும்போது கேட்கிறவன் முகம் எதிரே இருக்கும். அவன் புருவம் தாங்குகிற அளவுக்கு மீனை நீட்டலாம். சந்தேகப்பட்டால் கொஞ்சம் சுருக்கலாம். காகிதத்துக்குப் புருவம் கிடையாது.

என் பெயர் சுயம்புராஜ். வயது எழுபத்து நான்கு. வீடு சுசீந்திரத்தில். புளுகுவதில் இந்தத் தாலுகாவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. [தாலுகா என்றது அடக்கத்தால். மாவட்டம் என்று வாசிக்கவும்.]

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிரா வந்தாள். என் சிநேகிதன் தங்கப்பனின் மகள். நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கையில் இருநூறு பக்க நோட்டு ஒன்று.

"மாமா, ஒரு காரியம் கேக்கணும்."

"கேளு மக்கா."

"அந்த மீன் கதைய எழுதித் தரணும். நெசமா நடந்தத மட்டும்."

உள்ளே இருந்து என் மனைவி தாணம்மாள் குரல் கொடுத்தாள்: "அதுக்கு ஒரு பக்கம் போதுமே மக்களே. இம்பிடு பெரிய நோட்டு எதுக்கு?"

ஆதிரா சிரிக்கவில்லை. தங்கப்பனுக்குச் சித்திரை மாதம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. 'ம்' என்ற சத்தம் மட்டும் மிச்சம்.

"வீட்டுல யாரு என்ன சொன்னாலும் அப்பா கேட்டுக்கிட்டுக் கெடப்பாவ மாமா. ஆனா மீனுன்னு சொன்னாப் போதும், செவரப் பாத்துத் திரும்பிக்கிடுவாவ. தெருவுல மீன்காரி கூவினாலே திரும்பிக்கிடுதாவ. பள்ளிக்கூடத்துல படிக்கச்சில என்னைய எல்லாரும் 'புள்ளிமீன் மவ'ன்னுதான் கூப்பிடுவாளுவ. எங்க அப்பா நெசமாவே அந்த மீனப் பிடிச்சாவளா, இல்லியா? பொய்யின்னாலும் பரவால்ல மாமா. எனக்குத் தெரியணும்."

பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். டீச்சர் அல்லவா. எழுதியதை அவள் அப்பாவுக்கு முன்னால் வைத்து நான் வாசிக்க வேண்டும். அவர் தலையாட்டினால்தான் அது நிஜம். சுவரைப் பார்த்தால் நோட்டை அடுப்பில் போட்டுவிட வேண்டும்.

நீங்கள் இப்போது வாசிப்பது அந்த நோட்டு. கையெழுத்து மோசமாக இருக்கும், அச்சில் தெரியாது.

2

முதல் தொடக்கம்:

'1979 மார்கழி. மேல்கோதையாற்று மலையில் நான் பிடித்த மீனை ஏற்றியதும், முகாமிலிருந்து கம்பிவடத்தில் இறங்கும் விஞ்ச் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. கீழே இருந்த ஆபரேட்டர் போன் பண்ணி, "மேல எத்தன ஆளு?" என்று கேட்டான். "ரெண்டு ஆளு, ஒரு மீனு" என்றேன். "அப்பம் ஆளுவ ரெண்டு பேரும் எறங்கி நடந்து வாங்க, மீனு வரட்டு" என்றான்.'

[அடித்துவிட்டேன். ஆனால் டீக்கடையில் இந்த இடத்துக்கு எப்போதும் நல்ல சிரிப்பு கிடைக்கும் என்பதைப் பதிவு செய்து வைக்கிறேன்.]

இரண்டாவது தொடக்கம், கட்டுரை மாதிரி:

'டிரவுட் என்பது குளிர்ந்த நீரில் வாழும் மீன். வெள்ளைக்காரர்கள் இங்குள்ள மலைகளில் குடியேறியபோது, கூடவே இருக்கட்டும் என்று அதையும் கொண்டுவந்து விட்டார்கள். ஊட்டிப் பக்கமும் மூணாற்றுப் பக்கமும் உண்டு. உடம்பு முழுக்கப் புள்ளிகள்; கறுப்பு, சிலதில் சிவப்பும். சதை ரோஜா நிறம். முள் குறைவு.'

இதெல்லாம் சரி. ஆனால் நம்முடைய கோதையாற்று மலையில் டிரவுட் இருந்ததாக நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. மீன்வளம் படித்த ஒருவர் ஜலாலுதீன் கடையில் டீ குடித்துக்கொண்டே, தண்ணீரின் சூடு இத்தனை டிகிரிக்கு மேல் போனால் அது பிழைக்காது, இங்கே கோடையில் போகும், ஆகவே இருக்க வழியில்லை என்று விளக்கினார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அவருக்கு டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாவது தொடக்கம்:

'மீனைப் பிடித்தது தங்கப்பன்.'

நான்கு நாள் ஆனது என்று சொன்னேன் அல்லவா? இந்த மூன்று வார்த்தைக்குத்தான்.

3

மின்வாரியத்தின் அந்த மலை முகாமில் நான் ஸ்டோர் கிளார்க். ஆணி, போல்ட், மண்ணெண்ணெய், சணல் கயிறு எல்லாம் என் பொறுப்பு. தங்கப்பன் வால்வு பார்க்கிறவன். காலையில் ஒரு சக்கரத்தை இடது பக்கம் திருப்புவான். மாலையில் அதையே வலது பக்கம் திருப்புவான். நடுவில் உள்ள பகல் முழுவதும் அவனுக்கே சொந்தம்.

இரண்டு பேரும் ஒரே தகரக் கொட்டகையில் படுத்தோம். அங்கே கொசுக்கள் குளிர் தாங்காமல் எங்கள் கம்பளிக்குள் வந்து ஒடுங்கிக் கிடக்கும், நன்றி தெரிந்தவை, கடிக்காது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தேங்காய் எண்ணெய் உறைந்துபோய், கரண்டிக் காம்பால் தோண்டித் தலையில் வைத்துக்கொண்டோம் என்பது மட்டும் நிற்கட்டும். அது நடந்தது. வைத்த எண்ணெய் வெயில் ஏறும்போது உருகி, பத்து மணிவாக்கில் நெற்றியில் இறங்கும். இன்றைக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் திறந்தால் எனக்கு அந்தப் பத்து மணி வெயில் வந்துவிடுகிறது.

தங்கப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். மேகம் கறுத்து வந்தாலும் 'மழை வரும்' என்று சொல்லமாட்டான். நனைந்த பிறகு சொல்வான். கதைக்கு இப்படிப்பட்ட ஆள் உதவமாட்டான். எதைச் சொல்லச் சொன்னாலும் நடந்தவுடன் நிறுத்திவிடுவான்.

முகாமுக்கு மேலே ஒரு மணி நேரம் ஏறினால் ஓடையில் ஒரு கசம். சிறிய அருவி விழும் ஆழமான இடம். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு துரை பால் கேனில் டிரவுட் குஞ்சு கொண்டுவந்து அதில் விட்டதாக முகாம் காவல்காரர் ஞானையன் ஒருநாள் சொன்னார். ஞானையன் சொன்னதை நான் நம்பவில்லை. ஒரு புளுகனை இன்னொரு புளுகன் நம்புவதற்கு முறை கிடையாது. தங்கப்பன் நம்பினான்.

அவன் மூன்று மாதம் அந்தக் கசத்துக்குப் போனான். மண்புழுவைப் போட்டான், ஒன்றும் தொடவில்லை. சோற்றை உருட்டிப் போட்டான், பரல்மீன்கள் தின்றுவிட்டுப் போயின. பிறகு தூண்டிலையே கொண்டுபோகாமல் பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு வெறுமனே பார்த்தான். நிழல் தண்ணீரில் விழக் கூடாதாம். ஒருநாள் இருட்டுகிற நேரத்தில் ஓடி வந்தான்.

"எலே சுயம்பு, அது கீழ கெடக்கியதத் திங்காதுலே. மேல பறக்கியதத்தான் திங்கும். ஈசலு விழுந்துச்சி, சாடிப் பிடிச்சி."

"அதுக்கு இப்பம் என்ன? ஈசல நீ தூண்டில்ல கோக்கப் போறியா?"

"சேவல் எறகு வேணும். கழுத்துல உள்ளது. பெறகு சேப்பு நூலு."

சேவல் சமையற்காரருடையது. அதைப் பிடித்த கதை தனிக் கதை. சிவப்பு நூல் என் ஸ்டோரில் இருந்தது. ஒரு முழம் கொடுத்தேன். இந்தக் கதையில் என் பங்கு அந்த ஒரு முழம் நூல்தான். டீக்கடையில் நான் சொல்லும்போது, இறகுக்குப் பதில் என் மீசை முடி வரும்.

மார்கழி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் விடுமுறை, ஊருக்கு இறங்க வேண்டும். விடிந்தும் விடியாமலும் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும், பேசக் கூடாது. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவன் பாறையில் குப்புறப் படுத்து, மூங்கில் கம்பை நீட்டி, இறகைத் தண்ணீரின் மேல் தொட்டும் தொடாமலும் ஆட்டினான். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை தண்ணீர் ஒரு சின்ன உதடு மாதிரி திறந்து மூடியது. அவ்வளவுதான். கம்பு வளைந்தது.

"சுயம்பு! இஞ்ச பாரு! இஞ்ச பாருலே!"

"என்னலே, கெண்டையா?"

"கெண்டையா? கண்ணு அவிஞ்சா போச்சி? புள்ளியப் பாருலே, புள்ளிய!"

நான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். மீனின் உடம்பில்

4

அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். மறதியால் அல்ல.

மீனின் உடம்பில் புள்ளி இருந்தது என்று நானூறு தடவை சொல்லியிருக்கிறேன். கறுப்புப் புள்ளி, சிவப்புப் புள்ளி, ஒருமுறை (காணும் பொங்கல், கடையில் நல்ல கூட்டம்) தங்கப் புள்ளி. சொல்லிச் சொல்லி, கண்ணால் பார்த்ததும் வாயால் போட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. இப்போது கண்ணை மூடினால் நூறு புள்ளி தெரிகிறது. அதில் எது தங்கப்பனுடைய மீனில் இருந்தது, எது என் வாயில் இருந்து வந்தது என்று பிரிக்க முடியவில்லை. 'நிஜமாக நடந்ததை மட்டும்' என்று ஆதிரா கேட்டாள். அந்த இடத்தில் என்னிடம் நிஜம் இருப்பு இல்லை. ஸ்டோர் கிளார்க்காக இருந்தவனுக்கு இது வெட்கம்.

அதனால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் எழுதுகிறேன்.

மீனை ஈரப் பாசியில் சுற்றி, என் தூக்குச்சட்டியில் வளைத்து வைத்தோம். விஞ்சில் இறங்கினோம். [நிற்கவில்லை.] பேச்சிப்பாறையிலிருந்து பஸ். தங்கப்பன் தூக்குச்சட்டியை மடியில் வைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தான். முன்சீட்டு அம்மாள் ஒருத்தி, "கொச்சு பிள்ளையா அண்ணே உள்ள?" என்று கேட்டாள். "டிரவுட்டு" என்றான் மிகவும் மரியாதையாக. அவன் முகத்தை அப்படி அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கல்யாணப் போட்டோவில்கூட அவன் சாதாரணமாகத்தான் இருப்பான்.

வடசேரியில் இறங்கியதும் ஜலாலுதீனைக் கூப்பிட்டோம். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது; கடை தொடங்கி ஒரு வருஷம்தான். "சாயங்காலம் சுயம்பு வீட்டுக்கு வா. நாலு பேரையும் கூட்டிட்டு வா. நம்ம மலையில இல்லைன்னு எல்லாரும் சொல்லுக மீனு ஒண்ணு காட்டுதேன்" என்று தங்கப்பன் சொன்னான். நாலு பேர் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் ஒருத்தனும் மறுக்க முடியாது. அதுதான் அவன் எண்ணம். வேறு ஒன்றும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

என் வீட்டு அடுக்களையில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, "தாணு, மீனு இருக்கு, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் பழையாற்றில் குளிக்கப் போனோம்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: எங்கள் பக்கத்தில் மீன் கழுவுவதற்கென்று ஒரு சட்டி உண்டு. உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும் மண்சட்டி. மீனைக் கல்லுப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டு அதில் வைத்து உரசுவார்கள். கவிச்சி போகும்வரை, தண்ணீர் தெளியும்வரை, மீன் வெள்ளைவெளேரென்று ஆகும்வரை உரசுவார்கள். மருமகள் வந்த வீட்டில் முதலில் பார்ப்பது அவள் கழுவிய மீனின் வெளுப்பைத்தான். தாணம்மாள் கல்யாணமாகி வந்து அப்போது ஏழு மாதம். அவள் கழுவிய மீனைப் பற்றித் தெருவிலேயே நல்ல பேச்சு.)

குளித்துவிட்டு வந்தோம். ஜலாலுதீனும் நாலு பேரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். அடுக்களையிலிருந்து வறுத்த தேங்காய் வாசனை வந்தது.

தங்கப்பன் என்னைப் பார்த்தான். நான் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தேன். மீன் மூன்று துண்டாகக் குழம்புக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. தலைத் துண்டு மேலே வந்து போனது. பால் மாதிரி வெள்ளை.

"எங்க அண்ணே மீனு?" என்றான் ஜலாலுதீன்.

தங்கப்பன் குழம்புச் சட்டியைக் காட்டினான். "அது... சதை உள்ள ரோஸ் கலரா இருக்கும்" என்றான்.

ஜலாலுதீன் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தான். மிளகாய்க் குழம்புக்குள் வெந்து ஊறிய பிறகு எல்லா மீனும் சிவப்புதான்.

"கெண்டைல்லா அண்ணே இது" என்றான். தின்று பார்த்தான். "நல்ல கெண்ட. அண்ணி கைப்பக்குவம்." இன்னொரு துண்டும் கேட்டான்.

நான் ஒரு வாய் தின்றேன். அதற்கு என்ன ருசி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வறுத்தரைத்த தேங்காய், வாளன்புளி, கொத்தமல்லி, கடைசியில் தாளித்த உள்ளி. நாற்பத்தாறு வருஷமாகியும் அந்தக் குழம்பு நாக்கில் இருக்கிறது. மீன் இல்லை.

தங்கப்பன் ஒரு துண்டும் தின்னவில்லை.

5

நேற்று இவ்வளவையும் எழுதிவிட்டு அடுக்களைக்குப் போனேன். தாணம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூட நான் அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"தாணு, அன்னைக்கு அந்த மீனக் கழுவினல்லா. அதுல புள்ளி கெடந்துதா?"

அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கெடந்துது."

"என்ன புள்ளி?"

"கறுப்பு. சைடுல அங்கங்க சேப்பு. சேப்பச் சுத்தி வெள்ளையா ஒரு வளையம். மீனுக்கு அம்மை போட்டிருக்காக்கும்னு நெனச்சேன். மலையில கெடந்த மீனுல்லா, சீக்குப் பிடிச்சத ரெண்டு பேரும் வெவரமில்லாமத் தூக்கிட்டு வந்திருக்காவன்னு நெனச்சி, ரெண்டு பிடி உப்பு கூடப் போட்டுத் தேச்சேன். போகல்ல. பெறகு கருங்கல்லுல வச்சி உரசினேன். தோலோட போச்சி."

நான் கீரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இத ஏன் இத்தன வருசமாச் சொல்லல்ல?"

"கேட்டியளா?"

நான் ஒரு கொத்துக் கீரையை எடுத்து உருவத் தொடங்கினேன்.

"அன்னைக்கு அவிய சாப்பிடாம எந்திரிச்சிப் போனதக் கண்டதும், என்னமோ பெரிய தப்பு செஞ்சிட்டோம்னு தெரிஞ்சுது. என்னன்னு தெரியல்ல. நீங்க மறுநா காலம்பறயே சிரிச்சிக்கிட்டு ஊரெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிட்டியோ. நீங்க சொல்லுகதுல எம்பேச்சுக்கு எங்க எடம் இருந்தது? மீனக் கொண்டு அடுக்களையில வச்சிட்டு 'பாத்துக்கோ'ன்னா, கழுவாதன்னா அர்த்தம்? எந்த ஊருல அப்பிடி உண்டு?"

"நம்ம ஊருல இல்ல" என்றேன்.

பிறகு நானே கேட்டேன்: "எவ்ளோ நீளம் இருந்தது?"

அவள் கீரைக்காம்பைக் கீழே வைத்து, இடது கையை விரித்துத் தரையில் சாண் போட்டு, வலது கை நான்கு விரலை அதோடு சேர்த்து வைத்தாள். "ஒரு சாணும் நாலு விரலும். அதுக்கு மேல ஒரு நெல்லு கெடையாது."

ஆகவே மூன்றாம் பகுதியின் கடைசி வாக்கியத்தை இப்போது முடிக்கிறேன்: மீனின் உடம்பில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள் இருந்தன, சிவப்பைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தது, நீளம் ஒரு சாணும் நான்கு விரலும்.

என் நானூறு கதையில் ஒன்றில்கூட அந்த வெள்ளை வளையம் வந்ததில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

6

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். கதைக்குத் தேவையில்லை, வெறும் நீட்டல் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுத்தாளர்கள் சொல்லும் சாக்கு எனக்கு இத்தனை சீக்கிரம் பழகிவிட்டது ஆச்சரியம்தான்.

1994. ஜலாலுதீன் கடை. மழை பிடித்ததால் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் உள்ளே. நான் மீன் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் மீன் என் கை நீளம் ஆகியிருந்தது, பிடித்தவன் நான் ஆகியிருந்தேன். அது எந்த வருஷம் மாறியது என்று எனக்கே தெரியாது. தங்கப்பன் மூலைப் பெஞ்சில் டீ கிளாஸோடு இருந்தான். பதினைந்து வருஷமாக அவனும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அன்றைக்கு மட்டும் கிளாஸைக் கீழே வைத்தான்.

"பிடிச்சது நானாக்கும்" என்றான். "ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. ஆனா அது டிரவுட்டு."

கடை முழுவதும் சிரித்தது. "சுயம்பண்ணன் புளுகுக்கும் பங்கு கேட்டு ஆளு வந்தாச்சிடே!" என்று ஒருவர் சொன்னார்.

தங்கப்பன் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

"ஆமா" என்றேன். "பிடிச்சது இவந்தான். நான் மீனுக்குள்ள இருந்தேன்."

என் ஆயுளில் எனக்குக் கிடைத்த சிரிப்பிலேயே அதுதான் பெரியது. மழைச் சத்தம் கேட்கவில்லை. தங்கப்பன் மிச்சம் டீயைக் குடித்து, கிளாஸைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போனான். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வந்ததில்லை. கோயிலில் பார்த்தால் பேசுவான். என் மகள் கல்யாணத்துக்கு வந்தான், பந்தியில் பரிமாறினான். மீனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. முப்பத்தொரு வருஷம்.

அவனுடைய மீனை நான் திருடினேன் என்று நீங்கள் நினைக்கலாம். திருடியிருந்தால்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அதைப் பொய்யாக்கிவிட்டேன். தாணம்மாள் தோலை மட்டும்தான் உரசினாள்.

7

ஆதிராவிடம் போவதற்கு முன்னால் ஒத்திகை பார்க்கலாம் என்று நேற்றுச் சாயங்காலம் ஜலாலுதீன் கடைக்குப் போனேன். அவனுக்கும் இப்போது அறுபத்தெட்டு வயது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"அந்த மீனப் பிடிச்சது நானில்ல. தங்கப்பன். ஒரு சாணும் நாலு விரலும். உள்ளதாக்கும்."

ஜலாலுதீன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தான்.

"அண்ணாச்சி, ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே? டாக்டர்ட்ட காட்டினியளா? புளுகு இப்பிடிச் சுருங்கிப் போச்சே!"

உண்மையைச் சொல்வதற்கும் ஒரு முன்பணி வேண்டும் போலிருக்கிறது. நான் அதற்கு எதிரான பணியை ஆயுள் முழுவதும் செய்து வைத்திருக்கிறேன்.

இனி முடிவு. மூன்று யோசித்து வைத்திருக்கிறேன்.

(அ) நான் வாசிக்கிறேன். தங்கப்பன் தலையாட்டுகிறான். கண்ணில் நீர். எனக்கும் நீர். ஆதிரா இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவருகிறாள். [பத்திரிகைக்கு ஏற்றது. எனக்குக் கூச்சமாக இருக்கிறது.]

(ஆ) நான் வாசிக்கிறேன். 'மீன்' என்ற முதல் சொல்லிலேயே அவன் சுவரைப் பார்த்துத் திரும்புகிறான். கடைசிவரை திரும்பியே இருக்கிறான். நோட்டு அடுப்புக்குள் போகிறது. [எனக்குத் தகுந்த முடிவு இதுதான். ஆனால் இதில் ஆதிராவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.]

(இ) எல்லாரும் ஜீப்பில் மலைக்குப் போகிறோம். அதே கசம். சாயங்கால வெயில். தண்ணீர் ஒரு சின்ன உதடு மாதிரி திறந்து

[வேண்டாம். வனத்துறை அனுமதி கிடைக்கவே மூன்று மாதம் ஆகும்.]

நாளைக் காலையில் போகிறேன். முடிவில்லாமலே போகிறேன்.

8

போய்விட்டு வந்தேன்.

தாணம்மாளும் கூட வந்தாள். வேண்டாம் என்றேன். "நீங்க வாசிச்சா யாரு நம்புவா?" என்று கேட்டுவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

தங்கப்பன் ஜன்னலோரக் கட்டிலில் இரண்டு தலையணையில் சாய்ந்து கிடந்தான். வலது கை போர்வைக்கு மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. ஆதிரா கால்மாட்டில் உட்கார்ந்தாள். நான் கண்ணாடியைப் போட்டு வாசிக்கத் தொடங்கினேன். (நீங்கள் வாசித்த ஏழு பகுதியையும்தான்.)

முதல் பக்கத்திலேயே 'மீன்' வந்தது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பினான்.

நான் நிறுத்தவில்லை. 'மீனைப் பிடித்தது தங்கப்பன்' என்ற இடம் வந்தபோது ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்தேன். முதுகு அசையவில்லை. எண்ணெய், சேவல் இறகு, பஸ், குழம்பு. அசையவில்லை. ஐந்தாம் பகுதியைத் தொடங்கும்போது தாணம்மாள் என் கையிலிருந்த நோட்டை மெதுவாகத் தாழ்த்தினாள்.

"அண்ணாச்சி" என்றாள் அந்த முதுகிடம். "புள்ளி கெடந்துது. கறுப்பும் சேப்பும். சேப்பச் சுத்தி வெள்ளையா வளையம். நான் இந்தக் கையால தேச்சுக் களஞ்சேன். சீக்குன்னு நெனச்சிட்டேன் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு தங்கப்பன் தலையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முதலில் தாணம்மாளைப் பார்த்தான். அப்புறம் மகளைப் பார்த்தான். ஆதிரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ம்" என்றான்.

நான் ஐந்தை முடித்து, ஆறாம் பகுதியையும் வாசித்தேன். அங்கங்கே வரி தவறி மறுபடி தொடங்கினேன். நோட்டில் கையெழுத்து அப்படி. 'நான் மீனுக்குள்ள இருந்தேன்' என்ற இடத்தில் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழையும் முடித்து, நோட்டை மூடினேன். "அப்பா, மாமா எழுதினது செரியா?" என்றாள் ஆதிரா.

தங்கப்பன் தலையாட்டவில்லை. இடது கையைத் தூக்கினான். அதை அசைவில்லாத வலது கையின் விரல் நுனியில் கொண்டுவந்து வைத்தான்.

"நீளம் சொல்லுகாவ" என்றாள் ஆதிரா.

இடது கை விரல் நுனியிலிருந்து மெல்ல ஊர்ந்தது. உள்ளங்கை. மணிக்கட்டு. மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல்.

"அவ்ளோதான்" என்றேன். "அதத்தாம்லே எழுதியிருக்கேன். ஒரு சாணும் நாலு விரலும்."

கை நிற்கவில்லை. முழங்கையைத் தாண்டியது. நான் வாயைத் திறந்தேன். கை இன்னும் போனது. தோளில் போய் உட்கார்ந்தது. அங்கே இரண்டு தட்டு தட்டினான்.

"அப்பா!" என்றாள் ஆதிரா. "அம்பிடு பெரிசா?"

"ம்" என்றான் தங்கப்பன், ஆயுளில் மழை வரும் என்றுகூடச் சொல்லாதவன். அவன் வாயின் இடது ஓரம் மேலே ஏறியது. அந்த ஓரத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பேச்சிப்பாறை பஸ்ஸில், தூக்குச்சட்டி மூடியைத் திறந்தபோது.

தாணம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தாணம்மாளைப் பார்த்தேன். நெல் மணி அளவுகூட விட்டுக்கொடுக்காத அவள், "நானும் பழச நெனவு வச்சித்தான சொன்னேன். கூடவும் இருந்திருக்கும்" என்றாள்.

இப்போது என் பிரச்சினையைக் கவனியுங்கள். நிஜமாக நடந்ததை மட்டும் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. தங்கப்பன் தலையாட்டினால்தான் அது நிஜம் என்பதும் நிபந்தனை. ஒரு சாணும் நான்கு விரலும் என்று வைத்தால் தலையாட்ட மாட்டான். தோள்வரை என்று வைத்தால் என் தூக்குச்சட்டிக்குள் அது எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். நான் நீளத்தைக் கூட்டுவதில்லை என்று ஆதிராவிடம் சத்தியம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஆகவே இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் எழுதப்போவதில்லை. நோட்டில் இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் தாணம்மாளை நம்பினாலும் சரி, தங்கப்பனை நம்பினாலும் சரி, நிரப்பிக்கொள்ளுங்கள்:

தங்கப்பன் பிடித்த மீனின் நீளம் ..............................

பென்சிலால் எழுதவும். செவ்வாய்க்கிழமை மறுபடியும் வரட்டுமா என்று கேட்டதற்கு 'ம்' என்றிருக்கிறான். மீன் இன்னும் வளரும் என்று நினைக்கிறேன்.